மரத்தின் கணக்கும் கடையின் கணக்கும்

பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகாவின் தோப்புகளில் இறக்கப்படும் தென்னங்கள், பெர்மிட் பெற்ற வண்டிகளில் ஏறி, திருச்சூர் வழியாகத் தெற்கே வருகிறது. எர்ணாகுளம் பக்கத்துக் கடைகளுக்குப் போக வேண்டிய சரக்கு நெடுஞ்சாலையோடு வந்தால் ஆலுவாவில் பெரியாற்றைக் கடந்தாக வேண்டும். 1940-ல் திறக்கப்பட்ட மார்த்தாண்ட வர்மா பாலமும், பிற்காலத்தில் அதன் பக்கத்திலேயே எழுந்த புதுப் பாலமும்தான் அதற்கு வழி. அதே ஆற்றங்கரையில், ஸ்ரீ நாராயண குரு 1913-ல் நிறுவிய அத்வைத ஆசிரமம் இருக்கிறது. 1924 சிவராத்திரியின்போது சர்வமத மாநாடு நடந்த இடம் அது. கள் இறக்குவதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்த சமூகத்தில் பிறந்து, அந்தத் தொழிலையே விட்டுவிடுங்கள் என்று தம் மக்களிடம் சொன்னவர் குரு. மதுவை ஆக்குவதும் கூடாது, கொடுப்பதும் கூடாது, குடிப்பதும் கூடாது என்பது அவருடைய உபதேசம். உபதேசம் ஆசிரமத்தில் இருக்கிறது. கள் வண்டி பாலத்தில் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கேரள சர்க்காரின் மதுக் கொள்கை பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது.

குடி நல்லதா கெட்டதா என்ற விவாதம் பழையது. அதற்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பெரியோர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது எழும் கேள்வி வேறு. ‘கள்’ என்று பலகை போட்டு, லைசென்ஸ் பெற்று, சர்க்காருக்கு வரி கட்டி விற்கப்படுவது உண்மையிலேயே கள்தானா? ஏலூர், களமசேரி ஆலைகளிலும், மட்டாஞ்சேரிக் கிட்டங்கிகளிலும், வாத்துருத்தி வரிசை வீடுகளிலும் வாழும் தமிழ்த் தொழிலாளிக்கு இது வெறும் சர்ச்சை அல்ல. வேலை முடிந்து உடம்பு வலியோடு வரும் வழியில் அவர் கண்ணில் படும் பலகை அது. ஊரில் 1987-லிருந்து இல்லாத கள், இந்த ஊரில் சட்டப்படி கிடைக்கிறது. வெள்ளையாகவும் நுரையோடும் இருந்தால் கள்தான் என்று நம்பி அவர் குடிக்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்று பார்க்க வேண்டியது அவசியம்.

முதலில் கள் எப்படிக் கள்ளாகிறது என்பதைக் கவனிக்கலாம். பீர் ஆலையில் பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, கொதிக்க வைத்து, ஹாப்ஸ் பூவைச் சேர்த்து, ஆய்வுக்கூடத்தில் தனியாக வளர்த்த ஈஸ்டைப் போடுகிறார்கள். கள்ளுக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் வேண்டாம். விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, சில நாட்கள் பக்குவமாகத் தட்டிக் கொடுத்து, நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயத்தை மாட்டிவிட்டால் சாறு சொட்டத் தொடங்குகிறது. சொட்டும்போது அது சர்க்கரைத் தண்ணீர்தான். கலயத்தில் விழுந்த கணத்திலிருந்து நிலைமை மாறுகிறது. பாளையின் மேலும், காற்றிலும், மொய்க்க வரும் ஈயிலும் எறும்பிலும், எல்லாவற்றுக்கும் மேலாக நேற்றைய வண்டல் ஒட்டிய கலயத்தின் உட்புறத்திலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் காத்திருக்கின்றன. முதலில் தயிரைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த லாக்டிக் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்குகின்றன. பின்னாலேயே காட்டு ஈஸ்ட்டுகள் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் நுரைக்கிற வாயுவையும் விடுகின்றன. அரை நாளில் ஆல்கஹால் சுமார் நான்கிலிருந்து ஆறு சதவீதம் வரை ஏறுகிறது. ஒரு நாளுக்குமேல் போனால் காடிப் பாக்டீரியாக்கள் மேலோங்கி, புளிப்பு தாங்க முடியாமல் போய், கடைசியில் கள் காடியாகிவிடுகிறது.

இதில் மனிதக் கை சேர்ப்பது ஒன்றுமில்லை. கை செய்வது தடுப்பது மட்டும்தான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைபட்டு, அதே சாறு பதநீராகக் கிடைக்கிறது. திருநெல்வேலிக்காரருக்கும் ராமநாதபுரத்துக்காரருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்தில் பிறந்து ஆபீசில் பேனா பிடிக்கும் குமாஸ்தாவுக்கு வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: அவர் வீட்டு அடுக்களையில் இராத்திரி மூடிவைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அதற்கும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வந்த கிருமிகள்தாம் அந்த வேலையைச் செய்கின்றன. கொச்சி வீடுகளில் வெள்ளையப்ப மாவுக்கு ஒரு கிண்ணம் கள் வாங்கி ஊற்றுவதும், இறைச்சிக்கும் மீனுக்கும் கள்ளுக் காடியை ‘வினாகிரி’ என்று போர்ச்சுகீசியப் பெயரிலேயே சேர்ப்பதும் இந்த ஞானத்தின் கிளைகளே. குடிக்காத குடும்பத்திலும் கள்ளுக்கு ஒரு வேலை இருந்திருக்கிறது. இப்போது அந்த இடத்தைப் பாக்கெட் ஈஸ்ட் பிடித்துக்கொண்டு வருகிறது. நல்ல கள் கிடைக்காததும் அதற்கு ஒரு காரணம்.

வெளிநாட்டில் இதே காரியத்துக்கு இருக்கும் மரியாதையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றிய வட்டாரத்தில் லாம்பிக் என்று ஒரு பீர் உண்டு. கொதிக்க வைத்த தானியச் சாற்றை ஆழமில்லாத அகலமான தொட்டியில் ஊற்றி, ஓர் இரவு முழுவதும் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். அந்த ஊர்க் காற்றிலும் மரப்பீப்பாயிலும் உள்ள ஈஸ்ட்டுகளே அதை நொதிக்க வைக்கின்றன. குளிர் மாதங்களில் மட்டுமே அந்த வேலை நடக்கிறது. வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் பெருகிவிடும் என்பது அவர்கள் அனுபவம். பிறகு அது வருஷக் கணக்கில் பீப்பாயில் கிடக்கிறது. இந்தியாவிலேயே, அஸ்ஸாமின் திமாசா மக்கள் வீட்டில் ஆக்கும் ஜூதிமா என்ற அரிசி மது 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. கோவாவின் ஃபெனி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2009-ல் பெற்றுவிட்டது. பெங்களூரில் சின்னச் சின்ன பீர் ஆலைகள் ஹோட்டலுக்குள்ளேயே இயங்கி, உள்ளூர்த் தானியம், உள்ளூர்ப் பழம் என்று சொல்லி, மாதச் சம்பளக்காரர் எட்ட முடியாத விலைக்கு விற்கின்றன. ஈஸ்ட் வாங்காமல், பார்லி இறக்குமதி செய்யாமல், மரத்திலிருந்தே நேராக வரும் பானம் மட்டும் இந்த நாட்டில் சந்தேகத்துக்குரிய பொருளாக நிற்கிறது.

தமிழர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. தேறல், நறவு, தோப்பி, மட்டு என்று சங்க நூல்களில் மது வகைக்கு ஒரு பெயர் வீதம் இருந்தது. அதியமான் தன் கள்ளை ஔவையாரோடு பகிர்ந்து உண்ட செய்தி புறநானூற்றில் இருக்கிறது. கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவரும் அதே தமிழில்தான் எழுதினார். இரண்டு கட்சிக்கும் தமிழில் ஆதாரம் கிடைக்கும். ஆகவே ஆதாரம் தேடிச் சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை.

விஷயம் கணக்கில் இருக்கிறது. நல்ல தென்னை ஒன்று நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு லிட்டர் கொடுக்கும். ஒரு கடையில் நாளொன்றுக்கு 200 லிட்டர் விற்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கடைக்கு மட்டும் 100 முதல் 200 மரங்கள் தினமும் சீவப்பட வேண்டும். ஒரு மரத்தில் நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஏற வேண்டும். பத்து மரம் பார்க்கும் தொழிலாளி இருபது முப்பது தடவை ஏறி இறங்கினால்தான் அந்த நாள் முடியும். ஆகவே ஒரு கடைக்குப் பின்னால் பத்துப் பேராவது, இருபது பேராவது மரத்தின் மேல் இருந்தாக வேண்டும். அப்படி இருக்கிறார்களா? மரமேறுகிறவர்களின் பிள்ளைகள் மரமேற விரும்புவதில்லை. அதில் குறை சொல்லவும் முடியாது. மழையில் வழுக்கும் மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு வேலை தேடத்தான் செய்வான். கேரளத்தில் 1969-லேயே கள்ளுத் தொழிலாளர் க்ஷேமநிதிச் சட்டம் வந்துவிட்டது, தொழிற்சங்கமும் பலமானது. அப்படியிருந்தும் ஆள் குறைகிறது. ஆள் குறைகிறது, சீவும் மரமும் குறைகிறது, கடையில் மட்டும் மாலை ஏழு மணிக்கும் கள் தீராமல் இருக்கிறது என்றால், இடைவெளியை நிரப்புவது எது?

இந்த இடத்தில்தான் கள்ளின் கடிகாரம் நினைவுக்கு வர வேண்டும். கள் காத்திருக்காது. சித்தூரில் விடியலில் இறக்கியது நூறு கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் பயணம் செய்து, கடைப் பீப்பாயில் உட்கார்ந்து, மாலையில் கோப்பைக்கு வரும்போது, இனிப்பெல்லாம் கரைந்து புளித்திருக்க வேண்டும் என்பது இயற்கை. சர்க்கரை சாராயச் சத்தாக மாறினால்தான் போதை. போதை ஏறினால் இனிப்பு இறங்க வேண்டும். இனிப்பும் குறையவில்லை, போதையும் குறையவில்லை என்றால் மரத்தின் மேல் பழி போட முடியாது. யாரோ தரையில் வேலை செய்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றி அளவைப் பெருக்குவது முதல் படி. தண்ணீரால் போன இனிப்புக்குச் சாக்கரின், போன போதைக்கு ஸ்பிரிட். அல்லது தூக்க மருந்து வகைகள், குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்துகள். தென்னங்கள்ளில் ஆல்கஹால் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டக்கூடாது என்று கேரளத்தில் விதி இருக்கிறது. ஸ்பிரிட் கலந்தால் அந்த அளவுகோலில் அகப்படலாம். மயக்க மருந்து கலந்தால் அது ஆல்கஹால் கணக்கில் வராது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், முடிவு வருவதற்குள் அந்தச் சரக்கு குடித்துத் தீர்ந்திருக்கும்.

கலப்படம் என்றால் தலைவலியோடு போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலுக்கு அப்பால் வைப்பீன் தீவு தெரிகிறது. 1982 ஓணத்தின்போது அங்கே சாராயம் குடித்து 70-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலருக்குக் கண் போயிற்று. அது மறைவான இடத்தில் விற்ற கள்ளச் சரக்கு அல்ல, லைசென்ஸ் பெற்ற கடையில் விற்றது என்பதை மறக்கக்கூடாது. குற்றவாளி மெத்தில் ஆல்கஹால். நொதித்த கள்ளில் அது பயப்படும் அளவுக்கு உண்டாவதில்லை. தொழிற்சாலை உபயோகத்துக்கான ஸ்பிரிட்டைக் குடிக்கிற சரக்கில் கலக்கும்போதுதான் உள்ளே வருகிறது. பிறகு 2000-ல் கொல்லம் ஜில்லா கல்லுவாதுக்கலில் 30-க்கும் மேற்பட்டோர். 2010-ல் மலப்புரத்தில் கலப்படக் கள்ளுக்கே 20-க்கும் மேற்பட்டோர். ஏ. கே. அந்தோணி முதலமைச்சராக இருந்தபோது 1996 ஏப்ரல் முதல் சாராயக் கடைகள் மூடப்பட்டன. சாராயம் போன இடத்தில் அதன் கூட்டம் எங்கே போயிற்று? ஒரு பகுதி சர்க்கார் மதுக்கடை வரிசைக்கும், ஒரு பகுதி கள்ளுக் கடைக்கும் போயிற்று. சாராயத்தின் வேகத்தைக் கள்ளிலும் எதிர்பார்க்கிற குடிகாரரும், அந்த எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யத் தயாராக இருக்கிற வியாபாரியும் சேர்ந்தால் கள் கள்ளாக இருக்க முடியாது.

தமிழ்நாட்டின் கதை இதைவிட விசித்திரம். ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-ல் அது தளர்த்தப்பட்டது. சில ஆண்டுகளிலேயே கடைகள் மூடப்பட்டன. 1981-ல் கள்ளும் சாராயமும் திரும்பி வந்தன. 1987 தொடக்கத்தில் இரண்டும் மறுபடி போயின. நடுவில் 1983-ல் பிறந்த டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே எடுத்துக்கொண்டது. இன்றைய நிலை என்ன? சீமைச் சரக்கு என்று விற்கப்படும் பிராந்தியிலும் விஸ்கியிலும் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 77 மில்லி. ஐந்து சதவீதக் கள்ளில் அதே அளவு வேண்டுமானால் ஒன்றரை லிட்டர் குடித்தாக வேண்டும். இந்தக் குவார்ட்டரை சர்க்காரே விற்கிறது. அந்த ஒன்றரை லிட்டரை இறக்கினால் பனையேறியை போலீஸ் பிடிக்கிறது. கள்ளில் கலப்படத்தைத் தடுக்க முடியாது என்பது சொல்லப்படும் காரணம். தடை இருந்தும் 2023-ல் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு எத்தனை உயிர் போயிற்று என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கு மேல். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். கலப்படக்காரனுக்குத் தடையும் ஒன்றுதான், அனுமதியும் ஒன்றுதான் என்று இதிலிருந்து தெரிகிறது. அவனைத் தடுப்பது கண்காணிப்பு ஒன்றே. அது இரண்டு ராஜ்யங்களிலும் போதவில்லை.

அதற்காகக் கேரளத்தின் வழிதான் சரி, தமிழ்நாடும் நாளைக்கே கள்ளுக் கடையைத் திறந்துவிடலாம் என்று முடிவுகட்டுவதற்கில்லை. கடையைத் திறப்பது சுலபம். கடைக்கு நேர் எதிரே மரம் இருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டம். கேரளம் சறுக்கியது அங்கேதான். மரத்துக்கு வரி உண்டு, மரத்துக்கு நம்பர் உண்டு, வண்டிக்குப் பெர்மிட் உண்டு. காகிதத்தில் ஒரு குறையுமில்லை. ஆனால் காகிதத்தில் சீவப்படும் மரம் தோப்பிலும் சீவப்படுகிறதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? சித்தூர் வட்டாரத்தில் தமிழ் பேசுவோர் நிறைய. அங்கே மரமேறுவது யார், ஒரு மரத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எக்ஸைஸ் இலாகாவுக்கு மட்டும் அது தெரியாமல் இருக்கக் காரணமில்லை.

2021-ல் கேரள சட்டசபை கள்ளுத் தொழில் வளர்ச்சி வாரியத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. 2023-24-க்கான மதுக் கொள்கையில் இன்னொரு புதுமை வந்தது: நட்சத்திர ஹோட்டல்களும் உல்லாச விடுதிகளும் தங்கள் வளாகத்திலுள்ள தென்னையிலேயே கள் இறக்கி, விருந்தாளிகளுக்குக் கொடுக்கலாம் என்று அனுமதி. சுற்றுலாப் பயணிகள் நாட்டுப் பானத்தை ருசிக்கட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் உள்ளர்த்தத்தைக் கவனித்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. ஆயிரக்கணக்கில் வாடகை கொடுப்பவருக்கு, கண்ணெதிரே நிற்கும் மரத்திலிருந்து, சில மணி நேரத்துக்கு முன் இறக்கிய கள். நாள் கூலியில் குடிப்பவருக்கு, எந்த மரம், எந்த ஊர், எத்தனை மணிக்கு இறக்கியது என்ற விவரம் ஒன்றுமில்லாத பீப்பாய்ச் சரக்கு. மரத்துக்குப் பக்கத்திலேயே விற்பதுதான் நல்ல கள்ளுக்கு வழி என்பதை சர்க்கார் அறிந்தே இருக்கிறது. பணக்காரருக்கு மட்டும் அதை நடைமுறைப்படுத்துகிறது.

அதே முறையைச் சாதாரணக் கடைக்கும் கொண்டுவருவதில் பெரிய தடை ஒன்றும் இல்லை. ஒரு கடையின் அனுமதி அளவு அதன் பெயரில் சீவப்படும் மரங்களின் அளவை மீறக்கூடாது. மரம் குறைந்தால் விற்பனையும் அன்றே குறைய வேண்டும். தீர்ந்தால் கடை மூட வேண்டும். கள் தீர்ந்துவிட்டது என்று மாலை ஐந்து மணிக்குப் பலகை போடும் கடையே நம்பத்தக்க கடை. தூரத்திலிருந்து வருவதானால் தோப்பிலேயே முத்திரையிட்ட கலத்தில், குளிரவைத்து, இறக்கிய இடமும் நேரமும் எழுதி வரட்டும். வட இலங்கையில் பனங்கள்ளைக் கூட்டுறவுச் சங்கங்கள் சேகரித்துப் புட்டியில் அடைத்து விற்பதும், ஏற்றுமதி செய்வதும் நடந்துவருகிறது. யுத்தத்தில் சீரழிந்த பூமியில் முடிந்தது, சமாதானமாக இருக்கிற கேரளத்தில் முடியாது என்று சொல்வதற்கில்லை. இதனால் விலை ஏறும் என்பது உண்மை. ஏறிய விலையில் ஒரு பங்காவது மரத்தின் மேலிருப்பவருக்குப் போனால், அவர் பிள்ளை ஒருவேளை அந்தத் தொழிலுக்கு வரலாம். வராவிட்டாலும் அவரது இடுப்புக்கு வைத்தியம் நடக்கும்.

மதுவிலக்கை விரும்புவோர் இதை ஒரு சறுக்கலாகக் கருதக்கூடும். அரசியல் சட்டத்தின் 47-வது ஷரத்து மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது என்பதும், சம்பளத்தில் பாதியைக் குடித்துவிட்டு வரும் கணவனோடு வாழும் பெண்ணுக்கு நல்ல கள், கெட்ட கள் என்ற பேதம் தெரியாது என்பதும் மறுக்க முடியாதவை. வெளியூரில் இருப்பவர் விஷயத்தில் இது இன்னும் கடுமை. ஊரில் குடித்து விழுந்தால் தூக்கிப் போக அண்ணன் தம்பி வருவார்கள். இங்கே மயங்கி விழுந்த தமிழனைக் குடிகாரன் என்று ஒதுங்கிப் போவார்களே தவிர, விஷம் குடித்தவன் என்று ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக நேரமாகும். மெத்தில் ஆல்கஹால் விஷயத்தில் அந்த நேரம்தான் கண்ணையும் உயிரையும் தீர்மானிக்கிறது. குடித்த மறுநாள் பார்வை மங்கினாலோ, எல்லாம் பனிமூட்டம்போல் தெரிந்தாலோ, வயிற்றைப் புரட்டி மூச்சு வாங்கினாலோ, தூங்கினால் சரியாகும் என்று படுக்கக் கூடாது. போலீஸ் கேஸ் ஆகுமே என்ற பயத்தில் மேஸ்திரிகள் இதை மறைப்பதும் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் இதற்கு மாற்று மருந்தும், இரத்தச் சுத்திகரிப்பு சிகிச்சையும் உண்டு. சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

எக்ஸைஸ் இலாகா வழக்கமாக ஓணத்துக்கு முன் விசேஷச் சோதனைகள் நடத்துகிறது. மாதிரி எடுத்த கடைகளின் பெயரையும் ஆய்வு முடிவையும் அந்தந்தக் கடை வாசலிலேயே ஒட்டுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது. கொச்சியில் தமிழர் நெருங்கி வாழும் பகுதிகளில் அந்த அறிவிப்பு மலையாளத்தோடு தமிழிலும் இருக்கட்டும். புகார் சொல்ல ஒரு டெலிபோன் நம்பரும் அதில் இருக்கட்டும், அதை எடுப்பவருக்குத் தமிழ் புரியட்டும். இந்த ஓணத்துக்கு முன்பே அதைச் செய்ய அவகாசம் இருக்கிறது.